மேசைக்குப் பின்னால் நிற்பவர்
வழங்கிக் கணனியில் ஜாவாஸ்கிரிப்ட்: தொடக்கப் பாடம்

கணனி வகுப்புக்குப் போய்வரும் பிள்ளைகள் இன்று நம் ஊர்களிலும் புதிய குடியேற்றங்களிலும் பலர் உளர். சில மாதங்கள் படித்ததும் எச்.ரி.எம்.எல். என்னும் குறிமொழியிலே ஒரு பக்கத்தை அமைக்கிறார்கள். ஜாவாஸ்கிரிப்ட் என்னும் மொழியினால் அதில் ஒரு பொத்தானை வைத்து, அழுத்தினால் கணக்குப் பார்த்துச் சொல்லும்படியும் செய்துவிடுகிறார்கள். வீட்டார் மகிழ்ச்சியோடு பார்க்கிறார்கள். மறுநாள் தகப்பன் கேட்கிறார்: "தம்பி, நேற்று நான் சொல்லச் சொல்ல நீ எழுதின விதைநெல் கணக்கு எங்கேயடா?" பக்கத்தை மூடியபோதே அது போய்விட்டது. அயல்வீட்டார் தம் கைத்தொலைபேசியில் அதே பக்கத்தைத் திறந்தாலும் அங்கே ஒன்றும் இல்லை.

அந்தத் தகப்பனின் கேள்விக்கு விடை தேடுவதே இப்பாடம். பெற்றோர் கணனியைத் தொட்டிராவிட்டாலும் பிள்ளைகளோடு சேர்ந்து இதை வாசிக்கலாம். இதில் வரும் சிக்கல்களிற் பாதி, களஞ்சியத்தில் நின்று கணக்கு எழுதியவர்களுக்கு நன்கு பழகிய சிக்கல்களே.

சங்கக் கடையை நினைத்துக் கொள்ளுங்கள். மேசைக்கு முன்னால் நாம் நிற்கிறோம். மேசைக்குப் பின்னால் மனேச்சர் நிற்கிறார். சாமான்களும் தராசும் இருப்புப் புத்தகமும் அவர் பக்கத்தில் இருக்கின்றன. நாம் துண்டில் எழுதிக் கொடுக்கிறோம். அவர் பார்த்துத் தருகிறார். இணையத்திலும் இதே ஒழுங்குதான். நம் கைத்தொலைபேசியிலோ கணனியிலோ பக்கங்களைத் திறந்து காட்டும் உலாவி மேசைக்கு முன்னால் நிற்கிறது. வழங்கி, அதாவது சேர்வர் என்று சொல்லப்படும் கணனி, பின்னால் நிற்கிறது. உலாவிக்குள் எழுதியது அந்த உலாவியோடு நின்றுவிடும். ஊரார் எல்லோரும் பார்க்கக்கூடியதாகவும் நாளைக்கும் இருக்கக்கூடியதாகவும் ஒன்று வேண்டுமென்றால் அது வழங்கியின் இருப்புப் புத்தகத்தில் எழுதப்பட வேண்டும்.

ஒரே மொழி இரு பக்கமும் வந்த கதை

ஜாவாஸ்கிரிப்ட் 1995ஆம் ஆண்டு அமெரிக்காவின் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவரால் ஏறக்குறையப் பத்து நாட்களில் முதல் வடிவம் பெற்றது. அவசரத்தில் போட்ட கொட்டிலைப் போல அதில் சில கோணல்கள் இன்றும் உண்டு. அவற்றுள் ஒன்றைப் பின்னர் காண்போம். நெட்ஸ்கேப் நிறுவனம் அக்காலத்திலேயே லைவ்வயர் என்னும் பெயரில் இம்மொழியை வழங்கியிலும் இயக்கிப் பார்த்தது. ஆனால் அது நிலைக்கவில்லை. பேர்ல், பி.எச்.பி., ஜாவா முதலிய வேறு மொழிகளே மேசைக்குப் பின்னால் நெடுங்காலம் நின்றன.

2008 செப்டெம்பரில் கூகிள் நிறுவனம் குரோம் உலாவியை வெளியிட்டபோது, அதனுள்ளே ஜாவாஸ்கிரிப்டை மிக விரைவாக ஓட்டும் வி8 என்னும் இயந்திரமும் வந்தது. அதன் மூலநிரலை எவரும் எடுத்துப் பாவிக்கலாம். லாண்ட்மாஸ்ரர் எஞ்சினைக் கழற்றி நீர்ப்பம்பிக்குப் பூட்டிப் பழகிய நமக்கு அடுத்து நடந்தது வியப்பாக இராது. 2009இல் ரயன் டால் என்னும் அமெரிக்க இளைஞர் அவ்வியந்திரத்தை உலாவிக்கு வெளியே எடுத்து, கோப்புகளையும் வலையமைப்பையும் கையாளும் பகுதிகளைச் சேர்த்து, நோட் என்னும் தொகுதியை ஆக்கினார். உலாவிக்கென்று பிள்ளை படித்த அதே மொழியை வழங்கியிலும் எழுதலாம் என்ற நிலை பரவலாக வந்தது இதனாலேயே.

காத்திருக்காத ஊழியர்

நோடின் சிறப்பு, அது வேலை செய்யும் முறையிலே இருக்கிறது. இதை விளங்கிக்கொள்ளாமல் செய்நிரல் எழுதத் தொடங்கினால் பின்னர் சங்கடப்பட நேரிடும். ஆகவே இங்கே சற்றுத் தரித்து நிற்போம்.

2009 நவம்பரில் பேர்லின் நகரில் நடந்த மாநாடொன்றில் நோடை அறிமுகம் செய்தபோது ரயன் டால் ஒரு கணக்கைக் காட்டினார். கணனியின் நினைவகத்திலிருந்து ஒரு தகவலை எடுக்க 250 துடிப்புகள் செல்லும். வன்தட்டிலிருந்து எடுக்க 4 கோடியே 10 இலட்சம் துடிப்புகள். வலையமைப்பின் மறுமுனையிலிருந்து எடுக்க 24 கோடி. இன்றைய தட்டுகள் அன்றையவற்றிலும் விரைவானவை என்றாலும் இடைவெளி இன்னும் பெரிதே. இவ்விலக்கங்களை நம் காலக்கணக்குக்கு மாற்றிப் பார்த்தேன். நினைவகத்திலிருந்து எடுப்பது ஒரு நிமிட வேலை என்று வைத்துக்கொண்டால், தட்டிலிருந்து எடுக்க 114 நாட்கள் ஆகின்றன. ஏறக்குறைய நாலு மாத நெல் விதைத்து வெட்டும் காலம்! வலையமைப்பிலிருந்து எடுக்கவோ ஒரு வருடமும் பத்து மாதமும்.

இப்போது சங்கக் கடைக்குத் திரும்புவோம். பழைய முறைப்படி, ஒருவருடைய துண்டை வாங்கிய ஊழியர் அச்சாமான் களஞ்சியத்திலிருந்து வரும்வரை அவருக்கு முன்னாலேயே நிற்பார். அடுத்தவரைக் கவனிக்க வேறோர் ஊழியர் வேண்டும். ஆயிரம் பேர் வந்தால் ஆயிரம் ஊழியர். ஒவ்வொருவருக்கும் இடமும் சம்பளமும், அதாவது கணனியின் நினைவகமும், வேண்டும். அவர்களிற் பெரும்பாலோர் நாள் முழுவதும் சும்மா நிற்பவர்கள்.

நோட் ஓர் ஊழியரை மட்டும் மேசையில் நிறுத்துகிறது. அவர் முதலாமவரின் துண்டை வாங்கிக் களஞ்சியத்துக்கு அனுப்பிவிட்டு உடனே இரண்டாமவரிடம் போகிறார். களஞ்சியத்திலிருந்து சாமான் வந்ததும் உரியவரைக் கூப்பிட்டுக் கொடுக்கிறார். கோப்பு வேலைகளுக்கு அவருக்குப் பின்னால் வழமையாக நான்கு உதவியாட்கள் உண்டு. ஆனால் மேசையில் நிற்பவர் ஒருவரே. ஆகையால் சிறிய பழைய கணனியிலும் நூற்றுக்கணக்கானோரின் வேண்டுகோள்களை அவர் சமாளிக்கிறார்.

இதிலிருந்து ஓர் எச்சரிக்கையும் பிறக்கிறது. அந்த ஒருவரைப் பிடித்து, "இந்தப் பத்தாயிரம் பேரின் கணக்கையும் நீயே இருந்து கூட்டு" என்று சொன்னால், அவர் கூட்டி முடிக்கும்வரை கடை முழுவதும் நின்றுவிடும். நீண்ட கணக்கீடுகளை அவர் கையில் கொடுக்கக் கூடாது.

தொடங்கும் முறை

நோட் இலவசமானது. அதன் அதிகாரபூர்வ இணையத்தளத்திலிருந்து இறக்கிக் கொள்ளலாம். நீண்டகால ஆதரவுக்குரியது என்று குறிக்கப்பட்ட பதிப்பையே எடுங்கள். மிகப் புதியது வேண்டாம். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். கணனி இல்லாத பிள்ளைகள் ஆண்ட்ரொயிட் கைத்தொலைபேசியில் டேர்மக்ஸ் என்னும் செயலிக்குள்ளும் இதை நிறுவிப் பழகலாம். எழுத்து சிறிது, கண் நோகும், ஆயினும் முடியும். ஒருமுறை நிறுவிய பின் பழகுவதற்கு இணையத் தொடர்பு தேவையில்லை என்பது டேற்றாவுக்குக் காசு எண்ணும் நம் வீடுகளுக்கு நல்ல செய்தி.

முதற் செய்நிரல் ஐந்தாறு வரிகளுக்கு மேற்படாது. அவ்வரிகளை ஆங்கில எழுத்திலேயே எழுத வேண்டும். நோடின் இணையத்தளத்திலே முதல் எடுத்துக்காட்டாக அவை உள்ளன. பார்த்து அப்படியே எழுதலாம். ஆனால் எழுதுவது என்னவென்று தெரிந்து எழுத வேண்டும். முதல் வரி, நோடோடு கூடவே வரும் எச்.ரி.ரி.பி. என்னும் பகுதியை அழைக்கிறது. உலாவியும் வழங்கியும் பேசிக்கொள்ளும் முறைக்கு அதுவே பெயர். அடுத்த வரி ஒரு வழங்கியை ஆக்கி, "யாராவது வந்தால் இதைச் செய்" என்று ஒரு வேலையை ஒப்படைக்கிறது. அந்த வேலைக்கு இரண்டு பொருள்கள் தரப்படும். ஒன்று, வந்தவர் என்ன கேட்டார் என்ற துண்டு. மற்றது, நாம் கொடுக்கப்போகும் விடைக்கான வெற்றுத் தாள். விடையை எழுதி "முடிந்தது" என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல மறந்தால் வந்தவர் காத்துக்கொண்டே இருப்பார். கடைசி வரி, கணனியின் எந்த வாசலில் நின்று கேட்பது என்று சொல்கிறது. வாசல்களுக்கு இலக்கம் உண்டு. பழகுவோர் பெரும்பாலும் 3000 என்னும் இலக்கத்தைப் பாவிப்பர்.

கோப்பைச் சேமித்து, கட்டளைத் திரையில் நோட் என்று எழுதி, இடைவெளி விட்டுக் கோப்பின் பெயரை எழுதி ஓட்டுங்கள். உலாவியில் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதி, முக்காற்புள்ளி இட்டு 3000 என்று கொடுத்தால் உங்கள் விடை தெரியும். செய்நிரலைத் திருத்தியும் மாற்றம் தெரியவில்லையே என்று பிள்ளைகள் குழம்புவது வழக்கம். ஓடிக்கொண்டிருப்பது பழைய செய்நிரல். கொன்ட்ரோல் விசையோடு சி விசையை அழுத்தி நிறுத்திவிட்டு மீண்டும் ஓட்ட வேண்டும்.

தமிழில் விடை எழுதினால் ஒரு தடங்கல் வரலாம். "வணக்கம்" என்று எழுதியிருப்பீர்கள். உலாவியிலோ விளங்காத குறிகள் தோன்றும். விடையின் தலைப்பில் எழுத்துமுறை யூ.ரி.எப்.-8 என்று குறிப்பிட்டால் இது தீரும். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கோப்புகளை அப்படியே ஒட்டினால் இதனாலும் தீராது. அவற்றை முதலில் யூனிக்கோடுக்கு மாற்ற வேண்டும். இன்னொன்று: "நெல்" என்பதில் எத்தனை எழுத்து என்று ஜாவாஸ்கிரிப்டைக் கேட்டால் நான்கு என்று சொல்லும். ந, எகரக் கொம்பு, ல, புள்ளி என்று அது தனித்தனியே எண்ணுகிறது. பெயர் இருபது எழுத்துக்கு மேற்படலாகாது என்று விதி வைத்தால் நம்மவர் பலருடைய பெயர்கள் பாதியில் வெட்டுப்படும். அவ்விதியை எழுதுபவர் தமிழ் அறியாதவராயின் ஏன் வெட்டுப்பட்டது என்றே அவருக்கு விளங்காது.

துண்டில் எழுதியதை நம்பலாமா?

சென்ற ஆண்டு ஒரு சிறு வகுப்பிலே விதைநெல் பதிவுக்கு ஒரு பக்கம் செய்து காட்டினேன். பெயர், வேண்டிய மூடைகள், அனுப்பு என்ற பொத்தான். முதல் நாளே ஒரு மாணவி ஐந்து மூடைக்கும் பின்னர் மூன்று மூடைக்கும் பதிய, மொத்தம் 53 என்று காட்டிற்று! படிவத்திலிருந்து வருவதெல்லாம் எழுத்தாகவே வரும். எழுத்துகளுக்கு நடுவே கூட்டற்குறி இட்டால் ஜாவாஸ்கிரிப்ட் அவற்றை ஒட்டிவிடுகிறது. கழித்தற்குறி இட்டாலோ ஒழுங்காகக் கழிக்கும். முன்னே சொன்ன பத்து நாட் கோணல்களில் இது ஒன்று. வந்ததை முதலில் இலக்கமாக மாற்ற வேண்டும்.

அதைத் திருத்தினோம். மறுநாள் ஒரு பையன் குறும்பாகக் கழித்தல் ஐந்து மூடை கேட்டான். களஞ்சியத்தில் 40 மூடை இருந்தது. நாற்பதிலிருந்து கழித்தல் ஐந்தைக் கழித்தால் 45. நெல் விளையாமலே இருப்பு ஏறிவிட்டது. ஒன்றுக்குக் குறையலாகாது என்று உலாவிப் பக்கத்தில் நான் விதி வைத்தே இருந்தேன். அவன் அந்தப் பக்கத்தைத் தன் கணனியிலே திருத்தி விதியை நீக்கிவிட்டு அனுப்பியிருந்தான்.

பிழை என்னுடையது. உலாவிக்குப் போன பக்கம் வாடிக்கையாளரின் கையில் உள்ள துண்டு. அதில் அவர் எதையும் அழிக்கலாம், எதையும் எழுதலாம். உலாவியில் வைக்கும் விதிகள் தவறுதலாக எழுதுபவருக்கு உதவியே தவிரக் களவைத் தடுக்கா. அளவும் விலையும் உரிமையும் வழங்கியில்தான் சோதிக்கப்பட வேண்டும். விலையைத் துண்டில் எழுதிக் கொண்டுவரச் சொல்லும் கடைக்காரர் உண்டா? அப்படிச் செய்யப்பட்ட இணையத்தளங்கள் உண்டு.

கடைசி மூடை

செய்நிரல் நிறுத்தப்பட்டதும் அதன் நினைவிலிருந்த இருப்பு மறைந்துவிடும் என்பதால் அதை ஒரு கோப்பில் எழுதினோம். அதிலே வந்த சிக்கல்தான் என்னை அதிகம் சிந்திக்கச் செய்தது.

ஒரே ஒரு மூடை மிஞ்சியிருக்கிறது. இரண்டு குடும்பத்தார் ஒரே வேளையில் பொத்தானை அழுத்துகிறார்கள். நம் ஊழியர் காத்திருக்காதவர் அல்லவா? முதலாமவருக்காக இருப்பைப் பார்த்துவர ஆளனுப்பிவிட்டு இரண்டாமவரிடம் போகிறார். அவருக்காகவும் ஆளனுப்புகிறார். முதலாவது ஆள் வந்து "ஒன்று இருக்கிறது" என்கிறான். இரண்டாவது ஆளும் வந்து "ஒன்று இருக்கிறது" என்கிறான். இருவரும் சொன்னது உண்மையே. ஊழியர் இருவருக்கும் "உமக்கு உண்டு" என்று எழுதிக்கொடுத்து, இருப்புப் புத்தகத்திலே இரண்டு தடவையும் பூச்சியம் என்று எழுதுகிறார். புத்தகத்தைப் பார்த்தால் பிழையே தெரியாது. வாடகை உழவு இயந்திரம் பிடித்துக்கொண்டு மூடை எடுக்க வந்த இரண்டாவது குடும்பத்துக்குத்தான் தெரியும். விதைப்புக் காலத்தில் அந்த ஒரு மூடை என்னவென்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அவெயிட் என்னும் சொல்லைச் செய்நிரலில் எழுதும் ஒவ்வோர் இடத்திலும் ஊழியர் வேறொருவரிடம் போய்வருகிறார் என்று நினைவில் வையுங்கள். "பார்த்தல்" ஒரு வேலையாகவும் "குறைத்தல்" இன்னொரு வேலையாகவும் இருந்து, நடுவே அவெயிட் இருந்தால், கடைசி மூடை இருவருக்குப் போக இடமுண்டு. இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். எஸ்.கியூ.லைட் போன்ற தரவுத்தளம் இதற்கு உதவும். அதுவும் இலவசம், தரவு முழுவதையும் ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளும். "இருப்பு ஒன்றாவது இருந்தால் மட்டும் அதில் ஒன்றைக் குறை" என்று ஒரே கட்டளையாகக் கொடுத்து, குறைந்ததா இல்லையா என்று கேட்க வேண்டும். குறைந்தது என்று விடை வந்தவருக்கு மட்டும் மூடையை எழுதுங்கள்.

இரவல் விதை

நோடோடு என்.பி.எம். என்னும் பொதி முகாமையாளரும் வருகிறது. உலகெங்கும் உள்ளோர் எழுதிவைத்த பொதிகளை அதன் மூலம் ஒரே கட்டளையில் எடுக்கலாம். எக்ஸ்பிரஸ் என்னும் பொதி வழங்கி எழுதுவதை மிக எளிதாக்கும். முதலில் ஒரு தடவை அது இல்லாமல் எழுதிப் பழகிவிட்டு எடுங்கள் என்பது என் ஆலோசனை. ஆனால் பிறர் விதையை எடுக்கும்போது அதோடு வரும் களையையும் பார்க்க வேண்டும். 2016 மார்ச்சில் லெவ்ற் பாட் என்னும் 11 வரிப் பொதியை அதை எழுதியவர் ஒரு பிணக்கின் காரணமாக நீக்கிவிட்டார். அதை நேரடியாகவோ வேறு பொதிகள் வழியாகவோ நம்பியிருந்த பெரிய நிறுவனங்களின் வேலைகளும் உலகெங்கும் சில மணி நேரம் தடைப்பட்டன. பதினொரு வரிகளை நாமே எழுதலாமாயின் எழுதிவிடுவோம்.

பெயர்ப் பட்டியல்

விதைநெல் பதிவில் பெயர்களும் இருப்பிடங்களும் சேர்கின்றன. ஒரு பட்டியல் தவறான கைக்குப் போனால் என்ன நடக்கும் என்பதை நம்மிற் பலர் அனுபவத்தில் அறிவோம். ஒரு குடும்பத்தின் விபரத்தைக் காட்டும் பக்கத்தின் முகவரி 14 என்ற இலக்கத்தில் முடிகிறது என்று வைப்போம். ஒருவர் அதை 15 என்று மாற்றிப் பார்த்தால் அயல்வீட்டாரின் விபரம் வந்துவிடுமா? கேட்பவர் யார், இதைப் பார்க்க அவருக்கு உரிமை உண்டா என்று வழங்கி ஒவ்வொரு தடவையும் சோதிக்காவிட்டால் வந்துவிடும். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. ஆனால் சட்டம் வருமுன்பே செய்யக்கூடிய எளிய காரியம், தேவையற்றதைக் கேளாதிருத்தல். மூடை கொடுக்க அடையாள அட்டை இலக்கம் எதற்கு? வழங்கியில் இல்லாத ஒன்றை எவரும் களவெடுக்க முடியாது.

செய்து பார்க்க

நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு கணனியில் செய்யலாம். முதலில், உலாவியில் திறந்தால் களஞ்சியத்தில் எத்தனை மூடை என்று தமிழில் காட்டும் வழங்கியை எழுதுங்கள். பின்பு பதிவுப் படிவத்தைச் சேர்த்து, வெறுமை, கழித்தல் ஐந்து, அரை மூடை, "பத்து" என்று எழுத்தால் எழுதியது ஆகிய நான்கையும் அனுப்பிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் வழங்கி என்ன சொல்ல வேண்டும் என்பதை வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அரை மூடை கொடுப்பதா இல்லையா என்பது கணனிக்குத் தெரியாது.

கடைசியாக இருப்பை ஒன்று என்று வைத்து, பார்ப்பதற்கும் குறைப்பதற்கும் நடுவே வேண்டுமென்றே ஐந்து வினாடித் தாமதத்தைச் செய்நிரலில் போடுங்கள். ஒரே வைஃபையில் உள்ள இரண்டு கைத்தொலைபேசிகளிலிருந்து, லோக்கல்ஹோஸ்ட் என்பதற்குப் பதிலாக உங்கள் கணனியின் வலையமைப்பு இலக்கத்தைக் கொடுத்து, இருவர் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். இருவருக்கும் மூடை கிடைத்ததா? அதன்பின் தரவுத்தளத்தின் ஒற்றைக் கட்டளைக்கு மாற்றி, மீண்டும் இருவரும் அழுத்திப் பாருங்கள். கிடைக்காதவருக்கு உங்கள் வழங்கி என்ன வார்த்தையில் பதில் சொல்கிறது என்பதையும் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் அதிலிருந்து தொடர்வோம்.